வாசலுக்கு ஓடி வந்து அவள் சொன்ன வார்த்தை

சென்ற ஆண்டு பள்ளிகள் திறந்த சமயம். கடத்தூரில் பிறந்து வளர்ந்த நான், கல்யாணமாகி மாரண்டஹள்ளிக்கு வந்த புதிது. அங்கே ஒரு சின்ன மழலையர் பள்ளியில் வேலை கிடைத்தது. இரண்டரை, மூன்று வயதுக் குழந்தைகள் பதினோரு பேர். வணக்கம் சொல்வது, நன்றி சொல்வது, பொம்மையைப் பிடுங்காமல் கேட்டு வாங்குவது, இதையெல்லாம் பழக்குவதுதான் என் வேலை.

அந்தக் குழந்தைகளில் ஒருத்தி அதிகம் பேசமாட்டாள். ஆனால் யார் உள்ளே வந்தாலும் வாசலுக்கு ஓடிப்போய், "பன்னி" என்பாள். முதல் நாள் என்னைப் பார்த்தே சொன்னாள். திடுக்கிட்டாலும் சிரித்துவிட்டேன். அடுத்த வாரம், சேலத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒருவர் மகனைச் சேர்க்க வந்தார். அவருக்கும் அதே வார்த்தை.

"இதுதான் நீங்க சொல்லித் தர்ற மரியாதையாங்க?" என்று கேட்டுவிட்டு, மகனைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்.

எனக்கு அவமானமாகிவிட்டது. அவள் உதட்டில் விரலை வைத்து, "தப்பு! கெட்ட வார்த்தை. இனிமே சொல்லக் கூடாது" என்று அதட்டினேன். அவள் அழவில்லை. என்னையே பார்த்தாள். மறுநாளிலிருந்து வாசல் பக்கமே போகவில்லை. வாயும் திறக்கவில்லை.

பிரச்சினை தீர்ந்தது என்று விட்டிருக்கலாம். ஆனால் ஒன்று மட்டும் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. திட்டுகிற குழந்தை முகத்தைச் சுளிக்கும், கையை ஓங்கும். இவள் ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டு, வழிவிட்டு ஒதுங்கி நின்றல்லவா சொன்னாள்? எங்கே கற்றிருப்பாள்?

அந்தச் சனிக்கிழமை அவள் வீட்டைத் தேடிப் போனேன். தக்காளித் தோட்டத்தை ஒட்டிய வீடு. பழங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த அவள் அம்மா, என்னைக் கண்டதும் கையைத் துடைத்தபடி எழுந்து, முகமெல்லாம் சிரிப்பாக, "பன்னி, பன்னி" என்றார்.

அப்படியே நின்றுவிட்டேன். 'பஸ்' என்பதில் வருகிற 'ப' அது, பன்றியின் 'ப' அல்ல.

"பழக்கத்துல வந்துடுச்சுங்க மிஸ். எங்க வூட்ல கன்னடந்தாங்க. வாங்கன்னு அர்த்தம். பெரியவங்கள அப்படித்தான் கூப்புடணும்னு பாப்பாவுக்கு ஆறு மாசமா சொல்லிக் குடுத்தேன். ஸ்கூல்லயும் சொல்றாளுங்களா?"

நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை. "அதானுங்களா... இப்பல்லாம் வூட்டுக்கு யாரு வந்தாலும் உள்ள போய் ஒளிஞ்சுக்கறா" என்றார் மெதுவாக.

கதவுக்குப் பின்னால் நின்றவளிடம் போய்க் குனிந்து, "நீ சொன்னது நல்ல வார்த்தைதான் பாப்பா. மிஸ்ஸுக்குத்தான் தெரியல" என்றேன். அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

அவள் மறுபடி வாசலுக்கு வர ஒரு மாதம் ஆனது. இப்போது "வாங்க" என்று தெளிவாகச் சொல்கிறாள். அந்தப் பழைய வார்த்தையைப் பள்ளியில் பிறகு நான் கேட்டதே இல்லை.

இப்போதெல்லாம் எந்தக் குழந்தை எனக்குப் புரியாத எதைச் சொன்னாலும், "அப்படின்னா என்ன பாப்பா?" என்று முதலில் கேட்டுவிடுகிறேன். அந்த ஒரு கேள்வியை அன்று அவளிடம் கேட்காமல் விட்டது மட்டும் இன்னும் எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது.