அறுநூறு ரூபாய்க்கு ஒரு கப்பல் கிதார்

போன வாரம் கவரைப்பேட்டை ஸ்டேஷன் எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஃபேக்டரி சட்டை போட்ட ஒருவர் போனில் எலக்ட்ரிக் கிதார் பார்த்துக்கொண்டிருந்தார். மகளுக்காம். ஒயர், சின்ன ஸ்பீக்கர் பெட்டி எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துக்கு வீட்டு வாசலுக்கே வந்துவிடுமாம். "இது கம்மியா, ஜாஸ்தியா பெரியவரே?" என்று என்னைக் கேட்டார். சும்மா பேச்சுக்குக் கேட்டிருப்பார். ஆனால் எனக்குக் கிதார் விலை தெரியும். நான் கூடப் போய் வாங்கியிருக்கிறேன். வாங்கிய கையோடு அதைக் கெடுத்தும் இருக்கிறேன்.

நான் காயில் கட்டுகிறவன். மோட்டார், மிக்ஸி, சீலிங் ஃபேன் எது எரிந்துபோனாலும், உள்ளே இருக்கும் பழைய செம்புக் கம்பியைப் பிரித்துப் போட்டுப் புதுக் கம்பி சுற்றித் தருவேன். பள்ளிக்கூடம் இரண்டாவதோடு சரி. கும்மிடிப்பூண்டியில் ஒன்றன்பின் ஒன்றாக ஃபேக்டரிகள் வந்துகொண்டிருந்த காலத்தில் தொழில் கற்றேன். அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் எல்லாருமே அடுத்தவர் நிலத்தில் நடவும் அறுப்பும்தான். எரிந்த காயிலுக்கு ஒரு வாடை உண்டு. சோப்புப் போட்டாலும் போகாது. கல்யாணமான புதிதில் என் மனைவி மூக்கைப் பிடித்துக்கொண்டு, "கருவாடுனாகூட பொறுத்துக்குவேன், இது இன்னா வாடயா!" என்பாள். பிறகு அவளுக்கும் பழகிவிட்டது.

அவளுடைய தம்பிக்குத்தான் கிதார். இரும்பு உருட்டும் ஆலையில் லோடு ஏற்றுகிற வேலை பார்த்தான். தோளில் தழும்பு, கையெல்லாம் காய்ப்பு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாட்டுக்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, கோயிலுக்குச் சொந்தமான மரக் கிதாரை எடுத்தான் என்றால் பாதிரியாரே பிரசங்கத்தைச் சுருக்கிக்கொள்வார். அந்தக் கிதாரை வீட்டுக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், அவ்வளவுதான் அவனுக்கு.

பொன்னேரியில் ஒரு கச்சேரிக் குழு இருந்தது. கல்யாணம், திருவிழா என்று சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் போவார்கள். அதை நடத்துகிறவரை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். எங்கள் கோயிலில் நடந்த ஒரு கல்யாணத்தில் இவன் வாசித்ததைக் கேட்டுவிட்டு அவர் சொன்னாராம்: "கை நல்லா கீது. ஆனா மர கிதாரு மேடையில எடுபடாது. எலக்ட்ரிக் கிதாரு சொந்தமா வெச்சிருந்தா வா, எடம் கீது. எத்தினி நாளக்கி எடம் இருக்கும்னு சொல்ல மாட்டேன்."

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மெட்ராஸ் கடையில் புதுக் கிதார் இரண்டாயிரத்து ஐநூறு. அவன் சம்பளம் மாதம் நானூறு. ஆறு மாதம் பட்டினி கிடந்தால் ஒரு கிதார். ஒரு நாள் வேலைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தவனைப் பார்த்து, "சைக்கிள் எங்கடா?" என்றேன். "வித்துட்டேன் மாமா. நீ ஞாயித்துக்கெழம சும்மாதான கீற, என்கூட சென்ட்ரலுக்கு வா" என்றான். கரண்டு சாமான் என்பதால் நான் கூட இருந்தால் யாரும் ஏமாற்ற முடியாது என்று நம்பினான். நானும் நம்பினேன்.

சென்ட்ரல் பக்கம் அப்போது பழைய சாமான் விற்கிற இடம் ஒன்று இருந்தது. கிராமபோன், பூட்ஸ், டாக்டர் புத்தகம், எது வேண்டுமானாலும் கிடைக்கும். ஒரு பாய் கடையில் சிவப்பு நிறத்தில் ஒன்று தொங்கியது. கப்பலில் வந்த ஆள் ஒருவர் விற்றுவிட்டுப் போனதாம். மச்சான் அதை வாங்கி மடியில் வைத்தான். கம்பியைத் தொடவில்லை. அதன் கழுத்தை மேலும் கீழும் தடவிக்கொண்டே இருந்தான்.

"இன்னா பாய் வெல?"

"தொள்ளாயிரம்."

"நல்லா பாடுமா?"

"அது ஏம்பா பாடுது? பாடுறவன் கையில குடுத்தா பாடும்."

"கடையில கரண்டு இல்லியே. பாக்காம எப்டி வாங்கறது?" என்று நான் புகுந்தேன்.

"கரண்டு கீற கடையில ரெண்டாயிரத்தி ஐநூறு நைனா. அங்க போய் நல்லா பாத்து வாங்கு."

தொள்ளாயிரத்தை அறுநூறுக்கு இழுப்பதற்குள் இரண்டு டீ ஆகிவிட்டது. அதற்கும் பாய்தான் டப்பு கொடுத்தார். கடைசியில், "இது நல்ல சாமான். நான் சொன்னேன்னு ஒரு நாள் நெனச்சிக்குவே" என்றார். எல்லா வியாபாரியும் சொல்வதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

லுங்கியில் சுற்றி ரயிலில் எடுத்து வந்தோம். எதிரே காலி மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த பழவேற்காட்டு அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "கொழந்தயா அது? மூஞ்சிய மூடாதபா, மூச்சி முட்டப்போவுது" என்றாள். பெட்டியே சிரித்தது. மச்சான் நிஜமாகவே லுங்கியைக் கொஞ்சம் விலக்கிவிட்டான்.

இனிமேல் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். எலக்ட்ரிக் கிதாரில் கம்பிகளுக்குக் கீழே, காந்தத்தின்மேல் சுற்றிய ஒரு காயில் இருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரே குஷி. காயில் என்றால் நம் தொழில். எங்களிடம் எந்தக் காயில் வந்தாலும் முதலில் பல்பு வைத்துப் பார்ப்போம். பல்புக்குப் போகிற ஒயர் ஒன்றை நடுவில் வெட்டி, இரண்டு நுனியையும் காயிலின் இரண்டு முனையில் வைத்தால், காயில் உயிரோடு இருந்தால் பல்பு எரியும். அறுந்திருந்தால் எரியாது. ஆயிரம் மோட்டாருக்கு அப்படித்தான் பார்த்திருக்கிறேன். கிதாருக்கும் அப்படியே பார்த்தேன். பல்பு எரியவில்லை.

"செத்துப்போச்சிடா. பாய் தலையில கட்டிட்டான்."

மச்சான் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. "எதுக்குப் பேஜாரு? மாமன் எதுக்குக் கீறேன்?" என்று சொல்லி, அந்தக் காயிலை அங்கேயே கத்தியால் கிழித்துப் பிரித்தேன். உள்ளே இருந்த கம்பி தலைமுடியைவிட மெல்லிசு. இவ்வளவு மெல்லிசாக இருந்தால் கரண்டை எப்படித் தாங்கும், அதனால்தான் போய்விட்டது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். ஃபேனுக்குச் சுற்றுகிற கம்பியை எடுத்து, கெட்டியாக, அழகாகச் சுற்றினேன். பல்பு வைத்தேன். ஜோராக எரிந்தது. வீட்டில் எல்லாரும் கை தட்டினார்கள்.

அடுத்த ஞாயிறு பொன்னேரியில் மாஸ்டர் வீட்டு மாடி. குழு முழுக்க உட்கார்ந்திருந்தது. மைக்செட்காரர் கிதாரின் ஒயரை ஸ்பீக்கர் பெட்டியில் சொருகினார். மச்சான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வாசித்தான். பெட்டியிலிருந்து கொசு கத்துவதுபோல ஒரு சத்தம் வந்தது.

தபேலாக்காரர், "வால்யூம வையிபா" என்றார். மைக்செட்காரர், "முழுசாதான் கீது" என்றார். யாரோ, "அப்ப நாம மூச்சு உடாம கேக்கணும்" என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. வாட்சைப் பார்த்தார்.

மைக்செட்காரர் ஸ்குரூவைக் கழற்றி உள்ளே பார்த்தார். "யாரு கட்னது இத? ஃபேன் கம்பி மாதிரி கீது!"

"நான்தான். பழசு பல்பு எரியல" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கேலி இல்லை, பரிதாபம்தான். "அண்ணே, இதுக்குள்ள நாம கரண்டு உடறது இல்ல. கம்பி அதிர்ந்தா காயில்லேர்ந்து துளியூண்டு கரண்டு வெளிய வரும். அதுக்குத்தான் மயிர் மாதிரி கம்பியில ஆயிரக்கணக்குல சுத்து. அவ்ளோ மெல்லிசு கம்பிக்கு பல்பு எப்டி எரியும்? மீட்டர் வெச்சி பாக்கணும். நல்ல காயில்தான் இருந்திருக்கும். அறுத்துட்டியே."

பாய் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். என் மச்சானுடைய சைக்கிளை நான் கத்தியால் கிழித்திருக்கிறேன். மாஸ்டர், "வேற ஒருத்தர் கேட்டுகினு கீறாரு தம்பி" என்று ஆரம்பித்தார். மச்சான் எழுந்து, "ஒரு வாரம் குடுங்க மாஸ்டர். எங்க மாமா கட்டிக் குடுப்பாரு" என்றான். அந்த இடத்தில், அத்தனை பேர் முன்னால், அப்படிச் சொன்னான்.

ஸ்டேஷனுக்கு நடந்தோம். பெஞ்சில் உட்கார்ந்ததும், "என்ன நாலு அடி அடிடா" என்றேன்.

"அடிச்சா கை வலிக்கும். அப்புறம் எப்டி வாசிக்கறது? நீ பிரிச்சத நீயே கட்டு மாமா."

அந்த மெல்லிசுக் கம்பிக்கு எங்கே போவது? மறுநாள் கும்மிடிப்பூண்டி பழைய இரும்புக் கடைகளில் அலைந்தேன். ஃபேக்டரிகள் கழித்துப் போட்ட கரண்டு போர்டுகளில் ரிலே என்று தீப்பெட்டி அளவில் ஒரு சாமான் இருக்கும். அதன் உள்ளே இருக்கும் காயிலில் அதே முடிக்கம்பி. மைக்செட்காரரிடம் மீட்டர் இரவல் வாங்கி, உயிரோடு இருந்த நாலைப் பொறுக்கினேன்.

அந்த வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் வீட்டுக்கு ஓடி வந்துவிடுவேன். மனைவி ரிலே காயிலைக் குடைக்கம்பியில் கோத்துப் பிடித்துக்கொள்வாள். அது உருள உருள நான் இந்தப் பக்கம் சுற்றுவேன். காற்றுப் பட்டாலே அறுகிற கம்பி. ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, இருவரும் வியர்வையில் குளித்தோம். நூறு சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை எடுத்து வைப்பாள். முப்பத்தைந்தாவது கொட்டையில் ஒருமுறை அறுந்தது. ஐம்பதில் நான் தும்மி அறுத்தேன். "தும்மலு வந்தா வெளிய போயி தும்முயா! என் தம்பி வாழ்க்கயில தும்மாத!" என்று கத்தினாள். மூன்றாவது தடவை ஐம்பத்தெட்டுக் கொட்டை. கடைசியில் மோட்டாருக்கு ஊற்றுகிற வார்னிஷ் வேண்டாம் என்று மைக்செட்காரர் சொல்லியிருந்ததால், மெழுகுவத்தியை உருக்கி ஊற்றினேன். பல்பு வைக்கவில்லை.

ஞாயிறு மறுபடியும் அதே மாடி. ஒயரைச் சொருகினதும் பெட்டி லேசாக உறுமியது. மச்சான் ஒரே ஒரு கம்பியைத் தட்டினான். தண்ணீர்ச் செம்பு அதிர்ந்தது. கீழ்வீட்டு அம்மா மாடிப்படியில் ஏறி வந்து எட்டிப் பார்த்தார். பிறகு அவன் வாசிக்க ஆரம்பித்தான். தபேலாக்காரர் கேட்காமலே கூடச் சேர்ந்துகொண்டார். நான் மச்சானைப் பார்க்காமல் அந்தக் காயிலையே பார்த்துக்கொண்டிருந்தேன், எங்கே அறுந்துவிடுமோ என்று.

முடிந்ததும் மாஸ்டர் கிதாரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எவ்ளோக்கு வாங்கின?"

"அறுநூறு. சைக்கிள வித்துதான் வாங்கினேன்."

"ஆயிரத்தி எரநூறு தரேன். குடுத்துடு. நம்மகிட்ட கொஞ்ச நாளா ஒருத்தர் வந்துகினு கீறாரு, அனுபவம் உள்ளவரு, அவருக்கு நல்ல கிதாரு இல்ல. நீ இந்தப் பணத்துல சைக்கிளு வாங்கிக்க, அடுத்த வருசம் பாக்கலாம்."

மூன்று மாதச் சம்பளம் அது. வாங்கிக்கொள், வேண்டாம் என்று சொல்கிற தகுதி எனக்கு இல்லை.

மச்சான் கையை நீட்டிக் கிதாரைத் திரும்ப வாங்கிக்கொண்டான். மரியாதையாகத்தான் சொன்னான்.

"கிதாரு வரும் மாஸ்டர். ஆனா தனியா வராது. என்னயும் இட்டுகினுதான் வரும்."

தபேலாக்காரர்தான் முதலில் சிரித்தார். மாஸ்டர், "வியாழக்கெழம அத்திப்பட்டுல ஒரு கல்யாணம். நாலு மணிக்கு வேன் கெளம்பும். வெள்ள சட்ட கீதா?" என்றார்.

"எங்க மாமாது கீது" என்றான் மச்சான்.