சொட்டு மேஸ்திரியும் வளைந்த கோடும்

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. பெயிண்ட் டப்பாவின் மேல் இருக்கும் எண்ணும் எழுத்தும் பிடிபடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு முறை தப்பான டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். மேஸ்திரி தானே போய்ச் சரியான டப்பாவை எடுத்துவந்தார். மறுநாள் பார்த்தால் ஒவ்வொரு மூடியிலும், உள்ளே இருக்கும் நிறத்திலேயே ஒரு விரல் தீற்றல். கேட்டேன். "மூடும்போது கை பட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். தரையில் ஒரு சொட்டு சிந்தாமல் சுவர் அடிக்கிற மனிதர். அதனாலேயே ஊரெல்லாம் அவருக்குச் சொட்டு மேஸ்திரி என்று பேர். அவருக்கா கை படும்!

நாங்கள் மூன்று பேர். நான் உப்புத்தாள் போட்டுச் சுவர் தேய்ப்பேன். மேஸ்திரி ரோலர் உருட்டுவார். சுவரும் மேல்தளமும் சேரும் இடத்தில் பிரஷால் கோடு இழுப்பது என் தம்பி. ஏணியில் அவன் ஏறுவதைப் பார்த்து மேஸ்திரி 'குருவி' என்பார். அவன் இழுத்த கோடு நூல் பிடித்த மாதிரி இருக்கும்.

மேஸ்திரியிடம் ஒரு சட்டம் உண்டு. ஏணியிலிருந்து விழுந்தவன் அப்போதே மறுபடி ஏற வேண்டும். இல்லாவிட்டால் பயம் காலில் தங்கிவிடுமாம். அவருக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர்கள் போட்ட சட்டம்.

ஒரு நூலகத்தில் வேலை. காலை பத்து மணி. பிளாஸ்டிக் விரிப்பின் மேல் நின்ற ஏணி வழுக்கியது. தம்பி விழுந்தான். மாடிப்படி விளிம்பில் காதுக்கு மேலே 'ணங்' என்று இடித்தது. "கடவுளே!" என்று ஓடினேன். கண் மூடிக் கிடந்தான். பத்து எண்ணுவதற்குள் எழுந்து உட்கார்ந்து சிரித்தான்.

"என்னக்கா, பேயைப் பார்த்த மாதிரி பார்க்கிற?"

மேஸ்திரி வீக்கத்தைத் தடவிப் பார்த்தார். "ரத்தம் வரல. எங்கே, ரெண்டு படி ஏறு."

"ரெண்டு என்ன, உச்சிக்கே ஏறுறேன்" என்று ஏறினான். நாங்கள் கைதட்டினோம். பாவிகள், கைதட்டினோம்!

ஒரு மணி நேரம் நன்றாகத்தான் வேலை செய்தான். பிறகு தலை வலிக்கிறது என்று இறங்கினான். வாந்தி எடுத்தான். வெறும் வயிற்றில் பெயிண்ட் வாடை பட்டால் அப்படித்தான் என்று நினைத்தேன். தூக்கம் வருகிறது என்றான். துணி விரித்துப் படுக்க வைத்து, தூங்கட்டும் என்று சத்தம் போடாமல் சுவர் தேய்த்தேன். அக்கா செய்கிற காரியமா அது?

அடுத்த அறையிலிருந்து மேஸ்திரி வந்தார். மேலே பார்த்தார். கோடு நேராகப் போய், கடைசி ஒரு முழம் மட்டும் கீழே சரிந்து வளைந்திருந்தது.

"தங்கச்சி, இதை யார் இழுத்தது?"

"தம்பிதான்."

"குருவி கோடு வளையாதே!"

கையிலிருந்த ரோலர் கீழே விழுந்தது. தரையெல்லாம் பெயிண்ட். திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிவந்து அவனை உலுக்கினார். கண்ணைத் திறந்தான், நாக்கு குழறியது. ஒரு கண்ணின் பாப்பா சின்னது, இன்னொன்று பெரியது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால் அரை மணி ஆகும் என்றார்கள். நாங்கள் நின்று வேலை செய்யும் பலகையில் அவனைக் கிடத்தி, தலை ஆடாமல் நான் பிடிக்க, பெயிண்ட் வண்டியில் ஏற்றினோம். மேஸ்திரி ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

"பேச்சுக் குடு! விடாதே!"

"டேய், நான் யாருடா? சொல்லுடா!"

"அக்கா... கத்தாதே..." என்றான். பிறகு பேச்சே இல்லை. நான் கடவுளை அழைத்த அழைப்புக்கு அளவே இல்லை.

மருத்துவமனையில் டாக்டரம்மா முதலில் கேட்டது, "அடிபட்டதும் மயக்கம் வந்துதா?"

பயத்தில் நான், "இல்லம்மா, சிரிச்சான்" என்றேன்.

மேஸ்திரி குறுக்கிட்டார். "வந்துது. பத்து எண்ணுற நேரம். பத்து மணிக்கு விழுந்தான். அதுக்கப்புறம் அவனை ஏணியில ஏத்தினது நான்தான். எழுதிக்கோங்க."

ஸ்கேனில் தெரிந்துவிட்டது. மண்டை ஓட்டுக்கும் மூளையைச் சுற்றிய உறைக்கும் நடுவே ரத்தம் கசிந்து, கட்டியாகி, மூளையை அழுத்துகிறது. "முதல்ல நல்லாப் பேசுவாங்க, அதுதான் ஏமாத்தும். உடனே திறந்து எடுக்கணும்" என்றார் டாக்டரம்மா. கட்டிலை ஓட்டமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

இரண்டு மணி நேரம். நான் முட்டி போட்டு வேண்டினேன். மேஸ்திரி நடந்தார். கதவு திறந்தது. "கட்டி எடுத்தாச்சு. நேரத்துக்குக் கொண்டு வந்தீங்க." மேஸ்திரி அந்தம்மாவைக் கும்பிட்டார், வாசலில் நின்ற காவல்காரரையும் கும்பிட்டார்!

மறுநாள் தம்பி கண் விழித்தான். கை, கால் எல்லாம் அசைந்தன. முதல் பேச்சு, "என் புதுச்சட்டையை எவன்டா வெட்டினது?" நான் அழ, நர்ஸம்மா சிரிக்க, மேஸ்திரி வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அதற்கப்புறம் பெயிண்ட் கடை வாசலில் நிற்கிற ஒவ்வொருவரிடமும் சொன்னார்: "தலையில அடிபட்டா ஏறாதே, தூங்காதே, நேரா ஆஸ்பத்திரி." "வந்துட்டார்யா டாக்டர்" என்று கேலி செய்தார்கள். அவர் சளைக்கவில்லை.

மூன்று வருடம் கழித்து, முழங்கால் தேய்ந்து, மகள் வீட்டோடு போய்விட்டார். வேலையை இனி நானும் தம்பியும்தான் எடுத்து நடத்த வேண்டும். பஸ்ஸில் ஏற்றிவிட இருவரும் போனோம். "திரும்பி வருவீங்கல்ல?" என்று கேட்டேன். தம்பியின் தலையில், காதுக்கு மேலே இருந்த தழும்பை ஒரு நிமிடம் பார்த்தார்.

"வந்தா ஏணியைப் பிடிக்கிற வேலை குடு, தங்கச்சி. ஏறுன்னு சொல்ற வேலை மட்டும் எனக்கு வேண்டாம்."