கையில் வாங்காத எள்

பொங்கலன்று காலை, பால் பொங்கும் நேரத்தில், எங்கள் வாசலில் ஒரு கறுப்புப் புடவை வந்து நின்றது.

உடுத்தியிருந்தவர் குஸும்தாயி. தாயி என்றால் மராத்தியில் அக்கா. மாடுங்காவில் அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரே சுவர். அவர்களுக்கு அன்று சங்கராந்தி. கறுப்பு உடுத்துவதும், எள்ளும் வெல்லமும் சேர்த்த உருண்டையை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுப்பதும் அவர்களுடைய மங்கல வழக்கம். முந்தைய வருஷங்களில் இந்த நாளுக்கு அவர் சொந்த ஊருக்குப் போய்விடுவார்; இங்கே இருந்தது இதுவே முதல் தடவை.

நமக்கோ? பண்டிகை நாளில் கறுப்பா? அதிலும் எள்ளா? எள்ளைக் கைக்குக் கை வாங்கினால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் பகை மூளும் என்பது அம்மாவின் அசையாத நம்பிக்கை.

"தில்குள் க்யா, கோட் கோட் போலா" என்று குஸும்தாயி சிரித்தபடி கையை நீட்டினார். எள்ளுருண்டை எடுத்துக்கொள்ளுங்கள், இனிமையாகப் பேசுங்கள் என்று பொருள்.

அம்மா ஓரடி பின்வாங்கினாள். இரு கைகளும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன.

"கையிலே வாங்கப்படாதுடி. ஸ்டூல் மேலே வெச்சுடச் சொல்லு. ஏன்னு பக்குவமா எடுத்துச் சொல்லு."

எனக்கு மராத்தி தெரியும். ஆனால் பக்குவமான சொல்லைத் தேடிக்கொண்டு நின்றுவிட்டேன். இலக்கியம் படிப்பவர்களுக்கு இந்த வியாதி உண்டு — சரியான சொல் அகப்படும்வரை வாய் திறவாது. அதற்குள் அம்மாவின் மோவாய் ஸ்டூலைக் காட்டிவிட்டது.

குஸும்தாயி உருண்டையை அதன்மேல் வைத்தார். பிறகு, மராத்தியில், என்னிடம் மட்டும் கேட்டார்:

"ஆறு வருஷம் ஆயிற்று. இன்னமுமா என் கை உங்களுக்குத் தீட்டு?"

பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

அந்த ஆறு வருஷங்களில் அம்மா மராத்தி கற்கவில்லை; அவர் தமிழ் கற்கவில்லை. ஆனாலும் பிணக்கு என்று ஒன்று வந்ததில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். முதலில் விழித்தவர் சுவரில் இரண்டு முறை தட்ட வேண்டும். மற்றவர் பதிலுக்கு இரண்டு தட்டு. அம்மா காய்ச்சலில் கிடந்தபோது பதில் தட்டு கேட்காமல், குஸும்தாயி பதறி ஓடிவந்து எங்கள் குடங்களையும் நிரப்பிவிட்டுப் போனார். இதற்கு எந்த மொழி வேண்டும்?

பொங்கலுக்கு மறுநாள் சுவர் பேசவில்லை. நாங்கள் எழுந்தபோது குழாய் காற்றைத்தான் கொட்டியது. அதற்கும் மறுநாள் நாலரை மணிக்கே அம்மா எழுந்து, குடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீதான் தட்டேம்மா."

"தட்டினேண்டி. பதில் வரல்லே."

பாஷை தெரியாத இருவர் ஆறு வருஷம் கட்டிக் காத்ததை, இரண்டு பாஷையும் தெரிந்த நான் ஒருத்தி அரை நிமிஷ மௌனத்தில் உடைத்துவிட்டேன்… அன்று மாலை, சரியான சொல் எதுவும் கைவசம் இல்லாமலே, குஸும்தாயியின் கதவைத் தட்டினேன்.

"தீட்டு இல்லை, தாயி. எள்ளைக் கையில் வாங்கினால் சண்டை வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அம்மாவுக்கு உங்களோடு சண்டை வந்துவிடுமோ என்று பயம்."

அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அட பைத்தியமே! சண்டை வரக் கூடாது என்றுதானே நாங்கள் அதைக் கொடுப்பதே!"

டப்பாவும் கையுமாக நேரே எங்கள் சமையலறைக்கு வந்தார். கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா திடுக்கிட்டு எழுந்தாள். கைகள் மறுபடியும் முதுகுக்குப் பின்னால்.

"ஆ கர்!" என்றார் குஸும்தாயி, அதட்டலாக.

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. அம்மா குழந்தையைப்போல் வாயைத் திறந்தாள். உருண்டை உள்ளே போயிற்று. குஸும்தாயியின் விரல்கள் அம்மாவின் கன்னத்தில் ஒரு கணம் தங்கின. இருவர் கண்களிலும் ஈரம். வெங்காயத்தின்மேல் பழி போடவும் வழியில்லை.

"கையிலே வாங்கல்லே, பார்த்துக்கோ" என்றாள் அம்மா, மென்றுகொண்டே. "ஆனா எள்ளாலே சண்டை வரும்னு சொன்னேனா, இல்லையா?"

மறுத்துச் சொல்ல எனக்கு ஏராளம் இருந்தது. அதற்குள் என் வாயிலும் ஒன்று விழுந்துவிட்டது.

மறுநாள் விடியலில் சுவரில் இரண்டு தட்டு. அம்மா எழுவதற்குள் பதில் தட்டியது நான்தான் — எந்தச் சொல்லையும் தேடாமல்.