அவர் கால் நின்ற இடம்

1990களின் கடைசியில் என் கணவர் தவறிப்போனார். அவருடைய காரை நான் ஓட்டத் தொடங்கியபோது, ஆக்ஸிலேட்டர் பெடலைக் கொஞ்சம் மிதித்ததுமே வண்டி குலுங்கியது. கிள்ளான் டவுனில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

மெக்கானிக் மீட்டரை மாட்டிப் பெடலை மெல்ல அழுத்தினார். சீராக ஏறிய முள், ஓரிடத்தில் மட்டும் பொத்தென்று விழுந்தது.

"பெடலை எவ்வளவு மிதிக்கிறோம்னு இன்ஜினுக்குச் சொல்ற சென்சார் இந்த ஒரு இடத்துலதான் தேஞ்சிருக்கு அக்கா. முன்ன ஓட்டினவரு எப்பவும் இதே அளவுதான் மிதிச்சிருப்பாரு. ரொம்ப மெதுவாப் போவாரோ?"

"ஆமா. பின்னால எவ்வளவு ஹார்ன் அடிச்சாலும் அசைய மாட்டாரு" என்றேன். "மாத்தாம விட்டா?"

"ஒருநாள் நடுரோட்டுல நின்னுடும் லா."

மாற்றச் சொன்னேன். மேருவில் இருந்த வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் கார் வழுக்கிக்கொண்டு ஓடியது. அந்தக் குலுக்கல் இப்போது வரும், இப்போது வரும் என்று என் கால் காத்திருந்தது.

வீடு வந்துவிட்டது. அது வரவில்லை.