திருகைக்கல்லில் ஒரு தவளை

பாகூர் ஏரியில் முங்கிக் குளிக்கத் தெரியாத பெண் எங்கள் தெருவில் ஒருத்தியும் கிடையாது. நான் அதில் கொஞ்சம் திமிர் பிடித்தவள். மூழ்கினால் மற்றவர்கள் தேட ஆரம்பித்த பிறகுதான் எட்டத்தில் எழுவேன். கல்யாணமான மூன்றாம் வருடம் எனக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. பிழைத்து எழுந்து, இனி தலைக்கு ஊற்றிக்கொள்ளலாம் என்று சொன்ன முதல் நாளே ஏரிக்குப் போய் முங்கினேன். மூச்சுக்காக மேலே வந்தேன். வந்ததாகத்தான் நினைத்தேன், ஆனால் கையில் பட்டது சேறு. திரும்பி மறுபக்கம் போனேன். அங்கேயும் சேறு. மேல் எது கீழ் எது என்று என் உடம்புக்குத் தெரியவில்லை. கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், என் கூந்தலைப் பிடித்து இழுத்திராவிட்டால் இதை எழுத இன்று நான் இல்லை.

"இன்னாடி, அடியில போயி நண்டு புடிக்கறியா?" என்று திட்டினார் அண்ணி.

அதற்குப் பிறகு ஏரி எனக்கு இல்லை என்று ஆகிவிட்டது. இருட்டில் நடந்தால் விழுவேன். முகம் கழுவக் கண்ணை மூடினால் சாய்வேன். வரப்பில் நடந்தால் வாய்க்காலில் கிடப்பேன். தெருவில் ஒருவன், "இன்னா, கள்ளுக்கடப் பக்கமா போயிட்டு வர்றியா?" என்றான். கையில் இருந்த சொம்பை அவன் மேல் வீசினேன். குறி தப்பியது. அதற்கும் காய்ச்சலைத்தான் குறை சொல்ல வேண்டும்.

என் கணவர் புதுச்சேரியில் ஒரு கல்லூரியின் சோதனைச்சாலையில் உதவியாளர். சனிக்கிழமை அந்தியில் சைக்கிளில் வந்து திங்கள் விடியலில் திரும்புவார். யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. கப்பல் இல்லாததால் ஊருக்குப் போக முடியாமல் தங்கிவிட்ட ஒரு பிரெஞ்சுக்கார ஆசிரியரிடம் அவருக்கு வேலை. அந்த ஆசிரியரை எல்லாரும் முசே என்றுதான் சொல்வோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் என்னைக் கொல்லைப் புளியமரத்து ஊஞ்சலில் உட்காரவைத்தார். கண்ணைத் துணியால் கட்டி, இரண்டு கயிற்றையும் சேர்த்து முறுக்கி, விட்டார். கிறுகிறுவென்று சுற்றி நின்றது.

"முடிஞ்சிதா?" என்றேன். எனக்குத் தலையே சுற்றவில்லை. நம்பாமல் அவரும் ஒரு முறை உட்கார்ந்து சுற்றிப் பார்த்தார். இறங்கி இரண்டடி வைப்பதற்குள் புளியமரத்தைக் கட்டிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் சிரிக்கவில்லை.

"காதுக்குள்ள கேக்கறதுக்கு மட்டும் நரம்பு இல்ல," என்றார். "நாம நிமிந்து இருக்கமா, சாஞ்சிருக்கமா, எந்தப் பக்கம் திரும்பறோம்னு சொல்றதுக்கும் ஒண்ணு இருக்குது. காய்ச்சல் அதத் தின்னுட்டுது. ரெண்டு காதுலயும்."

"திரும்ப வளருமா?"

ஊஞ்சல் கயிற்றின் முடிச்சை இழுத்து இறுக்கினார். "தவளைக்கு வளரலாம்னு முசே நெனைக்கறாரு."

அவர் சொன்னது தவளையைப் பற்றி. நான் காதில் போட்டுக்கொண்டது என்னைப் பற்றி. அந்தப் பிழை முழுக்க என்னுடையதுதான்.

அண்ணி ஏரிக்கரையில் மூன்று தவளைகளைப் பிடித்துக் கொடுத்தார். என் கணவர் அவற்றைச் சோதனைச்சாலைக்குக் கொண்டுபோய், மயக்கி, வாயைத் திறந்து மேலண்ணத்தின் வழியாக இரண்டு காது நரம்பையும் அறுத்து, பானையில் போட்டுத் துணிகட்டி, சைக்கிளில் வைத்து வீட்டுக்கே கொண்டுவந்தார். மூன்றில் இரண்டு ஒரு வாரத்தில் செத்துப்போயின. மிஞ்சியதைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டோம். அது வயிற்றை மேலே காட்டிக்கொண்டு புரண்டது. மூக்கை அடியில் முட்டி, அங்கேயே காற்றைத் தேடியது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று ஏரிக்கடியில் நான் எப்படி இருந்திருப்பேன் என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

"இதுக்கு நான் தீனி போடறேன்," என்று சொல்லிவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது பொய்யில்லை. அந்தத் தவளையால் பூச்சியை எட்டிப் பிடிக்க முடியவில்லை. தினமும் மண்புழு தோண்டி, தவளையின் வாயைத் திறந்து, ஈர்க்குச்சியால் உள்ளே தள்ளும் வேலை என் தலையில் விழுந்தது.

சோதனை எளிதானது. திருகையின் மேல்கல்லில் ஈரத்துணி விரித்து, தவளையை நடுவில் உட்காரவைத்து, கல்லை மெல்லத் திருப்ப வேண்டும். நல்ல தவளையானால், கல் வலப்பக்கம் திரும்பும்போது தலையை இடப்பக்கம் திருப்பும். கண்ணால் பார்த்துத் திருப்பிவிடக் கூடாது என்பதால் தலையைக் கறுப்புத் துணியால் மூட வேண்டும். "உளுந்து ஒடைக்கற கல்லுல தவளையா? இந்த வூட்ல இனிமே எவ வடை துண்ணுவா?" என்று சத்தம்போட்ட அண்ணிதான் அதற்கு ஒரு குல்லாவும் தைத்துக் கொடுத்தார். பிறகு கல்லையும் அவரே திருப்பினார், ஏனென்றால் எங்கள் இருவரில் சீரான கை அவருடையது. எங்கள் தவளையோ புளி உருண்டை மாதிரி உட்கார்ந்திருந்தது. கல் எந்தப் பக்கம் போனாலும் அதற்கு ஒன்றுதான்.

ஐப்பசி முழுக்க மழை. கார்த்திகையில் தவளை நேராக உட்காரத் தொடங்கியது. கொஞ்சம் சாய்ந்தபடி நீந்தவும் செய்தது. நான் குதித்தேன். என் கணவர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"அது கண்ணால பாத்துப் பழகியிருக்கலாம். குல்லாவுக்குள்ள தல திரும்பணும். அப்பதான் நரம்பு."

எனக்கு அதுவரை பொறுக்குமா? அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தவள் கதைதான். தினமும் தவளைக்குத் தீனி போட்ட கையோடு கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்ப்பேன். மார்கழி பிறப்பதற்குள் நெற்றியில் மூன்று புடைப்பு.

மார்கழியில் ஒரு நடுப்பகல். அண்ணி கல்லை வலப்பக்கம் திருப்பினார். குல்லா இடப்பக்கம் அசைந்தது. அண்ணி கையை எடுத்துவிட்டார். மூச்சு வாங்கிக்கொண்டு இந்த முறை இடப்பக்கம் திருப்பினார். குல்லா வலப்பக்கம் போனது.

"ஏண்டி," என்றார் அண்ணி மெதுவாக, "இது தல திருப்புதுடி." அப்புறம் என்ன தோன்றியதோ, அந்தத் தவளையைப் பார்த்துக் கைகூப்பினார்.

எனக்கும் கும்பிடத்தான் தோன்றியது. தறியில் பாவு அறுந்தால் நெசவாளி கண் கொட்டாமல் உட்கார்ந்து, இழை இழையாக எடுத்து, அதனதன் ஜோடியோடு முடிச்சிட வேண்டும். இந்த உயிர், விளக்கில்லாத எலும்புக்குள், கையில்லாமல், சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல், அறுந்த அத்தனை இழையையும் அதனதன் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. இழைகள் இடம் மாறிப் போயிருந்தால் தலை தப்பான பக்கம் திரும்பியிருக்கும். ஒரு சேற்றுத் தவளைக்கு இத்தனை சாமர்த்தியம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து நான் எந்தத் தவளையையும் துடைப்பத்தால் தள்ளியதில்லை.

சனிக்கிழமை வந்த என் கணவர் கல்லைத் திரும்பத் திரும்பச் சுற்றிப் பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி தொடையில் தட்டிக்கொண்டார்.

"இப்ப என்னச் சுத்துங்க," என்றேன்.

அவர் கை அப்படியே நின்றது. அண்ணிதான் எழுந்து வந்து ஊஞ்சல் கயிற்றை முறுக்கினார். நான் கண்ணைக் கட்டிக்கொண்டேன். ஊரில் எல்லாரும் தலைசுற்றல் வரக்கூடாது என்று சாமியிடம் வேண்டிக்கொள்வார்கள். வந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்திதான். கயிறு விடுபட்டது. முகத்தில் காற்று பட்டது. பிறகு காற்று நின்றது. அவ்வளவுதான். துணியை அவிழ்த்தேன். புளியமரம் துளிகூட ஆடாமல் நின்றிருந்தது.

"மனுசனுக்கு வளராதுன்னுதான் புத்தகத்துல இருக்குது," என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "புத்தகம் தப்பா இருக்கக் கூடாதான்னு பாத்தேன்."

கோபம் பொங்கியது. அவர் மேல், புத்தகத்தின் மேல், ஒன்றும் தெரியாமல் தொட்டியில் நேராக நீந்திக்கொண்டிருந்த அந்தத் தவளையின் மேலும்கூட. உள்ளே போய் அழுது தீர்த்தேன். நான் அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்து, என் கணவர் இன்னொன்றும் சொன்னார். அந்த நரம்பை மறுபடியும் அறுத்து, தலை மறுபடியும் அசையாமல் நின்றால்தான், வளர்ந்தது நரம்பு என்று முசே ஒப்புக்கொள்வாராம்.

"அது ஒருதரம் பொழச்சி வந்துருக்குது. மறுபடியும் அதக் கொல்லுவியாடா?" என்றார் அண்ணி.

திங்கள் விடியலில் நான் பானையை எடுத்துக்கொண்டு ஏரிக்குக் கிளம்பியபோது என் கணவர் வாசலில் சைக்கிளோடு நின்றார். பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சைக்கிளை நகர்த்தி வழிவிட்டார். அந்தச் செய்கையால் அவர் மேல் இருந்த கோபத்தில் முக்கால்வாசி அங்கேயே போய்விட்டது.

அண்ணியும் கூடவே வந்தார். கழுத்தளவுத் தண்ணீரில் நின்று பானையைச் சாய்த்தேன். தவளை காலை ஒருமுறை உதைத்து, நேராக, கோடு போட்ட மாதிரி அடிக்குப் போனது. அது போன இடத்திலிருந்து நாலைந்து குமிழிகள் கிளம்பி மேலே வந்து என் மோவாயில் பட்டு உடைந்தன. எனக்கு மேல் எது என்று தெரியாது. குமிழிக்குத் தெரியும்.

"அண்ணி, நான் முங்கப் போறேன்."

"வேணாம்டி!"

முங்கினேன். கண்ணை மூடி, புரண்டு, பழையபடி திக்குத் தெரியாமல் போனேன். சேற்றைத் தேடாமல், காற்றையும் தேடாமல், வாயிலிருந்து கொஞ்சம் மூச்சை விட்டேன். குமிழிகள் கன்னத்தில் ஏறி, செத்துப்போன காதைத் தாண்டி, பிடரி வழியாக ஓடின. அவை போன பக்கம் நானும் போனேன்.

தலை வெளியே வந்து கண்ணைத் திறந்தபோது அண்ணியின் கை என் கூந்தலுக்கு ஒரு சாண் தள்ளி, விரல்களை விரித்தபடி, பிடிக்காமல் காத்துக்கொண்டிருந்தது.