கொட்டாஞ்சேனை மண்டபத்தில் ஒரு கல்யாணமும் ஒரு கூட்டமும்

யுத்தம் முடிந்த மறு வருஷம், மழை தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை, வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போனேன். என்னோடு படிப்பிக்கும் பிலோமினாவுக்கு அன்று கல்யாணம். மாதா கோயிலில் பூசை, பிறகு பொது மண்டபத்தில் விருந்து.

கோட்டை ஸ்டேஷனுக்கு எட்டு மணி ரயில். இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் கடலைப் பார்த்துக்கொண்டே போகலாம். அங்கிருந்து கிராண்ட்பாஸ் ட்ராம். இறங்கி அரை மைல் நடை. பட்டுச்சேலையோடு நடக்கிறவர்கள் குடையை மறக்க வேண்டாம்.

அந்த மண்டபம் முதலில் கனவான்கள் நடனமாடக் கட்டியது. பிறகு நாடகம், குத்துச்சண்டை, பூக்கண்காட்சி என்று எல்லாவற்றுக்கும் கதவு திறந்தது. யுத்தகாலத்தில் முதலுதவி நிலையமாயிற்று. துறைமுகத்தில் குண்டு விழுந்த நாளில், கால் நசுங்கி அங்கே வந்த அந்தோனிக்குக் கட்டுப்போட்டவள், அங்கே தொண்டராயிருந்த பிலோமினா. இப்போது அவரையே கட்டிக்கொள்கிறாள். விருந்தை வேறெங்கும் வைக்க அவள் சம்மதிக்கவில்லை.

பூசை முடிந்து போனால், மண்டபம் நிறையத் துறைமுகத் தொழிலாளர்கள். மண்டபத்துக்காரர்கள் ஒரே நாளைக் கல்யாணத்துக்கும் இவர்கள் கூட்டத்துக்கும் கொடுத்துவிட்டார்களாம். பிலோமினாவின் தகப்பன் சந்தியாப்பிள்ளை வாசலிலேயே நின்றுவிட்டார். சாப்பாட்டு அண்டாக்கள் வாசலில் நனைந்துகொண்டிருந்தன. வீட்டுக்கே போவோம் என்றார் அவர். பிலோமினா அசையவில்லை.

தொழிலாளர் தலைவர் காசிம் நானா எழுந்து வந்தார். தாங்கள் முற்றத்துக்குப் போகிறோம் என்றார். இந்த மழையிலா என்று சந்தியாப்பிள்ளை மறுத்தார். இருவரும் மாறி மாறி விட்டுக்கொடுத்ததில் நேரம்தான் போனது.

கடைசியில் பிலோமினா வாய் திறந்தாள். “மேடை சும்மாதானே கிடக்குது. திரையை இழுத்துவிட்டு நாங்கள் அதுக்குள்ள சாப்பிடுறம். நீங்கள் கீழே கதையுங்கோ.”

காசிம் நானா சிரித்துவிட்டார். “சரி தங்கச்சி. சத்தம் போட்டா கோவிக்காதீங்க.”

தொழிலாளர்களே மேசைகளை மேலே ஏற்றினார்கள். திரைக்கு அந்தப் பக்கம் கூலி உயர்வு, வாக்குரிமை என்று பேச்சு. இந்தப் பக்கம் நாங்கள் மெதுவாகச் சாப்பிட்டோம். அந்தோனி மட்டும் சோற்றைப் பிசைந்தபடி பேச்சையே கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் துறைமுகத்துக்காரர்தானே. கூட்டம் முடியும் தறுவாயில் பிலோமினா எழுந்து கயிற்றை இழுத்துத் திரையைத் திறந்தாள். கீழே இருந்தவர்கள் ஒரு கணம் திகைத்து, பிறகு கைதட்டினார்கள். அந்தோனி நொண்டியபடி முன்னால் வந்து, “எல்லாரும் சாப்பிட்டுத்தான் போகவேணும்” என்றார். சோறு போதவில்லை, பேக்கரிப் பாணும் பருப்பும் வாங்கிச் சமாளித்தோம். சந்தியாப்பிள்ளைதான் ஓடி ஓடிப் பரிமாறினார்.

இந்த மண்டபத்தைக் கேட்க நினைப்பவர்கள், ஒரு வாரம் முன்பே நேரில் போய்த் திகதியை உறுதிப்படுத்துங்கள். மேடை பெரியது, ஐம்பது பேர் தாராளமாக உட்காரலாம். பல வேலைக்கு ஒரே இடம் என்றால் ஒன்றுக்கும் உருப்படியாக உதவாது என்று நினைத்திருந்தவள் நான். இப்போது அப்படி நினைக்கவில்லை.

வருகிற மாதம் காசிம் நானா மகளின் கல்யாண விருந்தும் அங்கேதான். எங்கள் எல்லாருக்கும் அழைப்பு வந்திருக்கிறது.