கவுண்டரில் தலை சீவிய காலை

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குத் திரீவீலரில் போய்ப் பாருங்கள். கடற்காற்று உங்கள் தலையை என்ன பாடு படுத்தும் என்று தெரியும். வீட்டில் அரை மணித்தியாலம் மினக்கெட்டு வாரிக் கிளிப் போட்ட தலை, காப்புறுதி ஒபிஸ் வாசலில் இறங்கும்போது காகக்கூடுதான்.

மற்றப் பெண்களுக்கும் இதே கதிதான். அவர்கள் நேரே வாஷ்ரூமுக்குப் போய்க் கண்ணாடி முன் நின்று சரிசெய்துகொள்வார்கள். நான் சக்கர நாற்காலியில் இருப்பவள். அந்த வாஷ்ரூம் வாசலில் ஒரு படி. ஒருநாள் இரண்டு பேர் என்னைத் தூக்கி உள்ளே விட்டார்கள். கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது மேலே சுற்றும் ஃபேன் மட்டும். இதற்காகவா என்னைத் தூக்கினீர்கள் என்று சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

எனக்கென்று ஒன்று இல்லாமலில்லை. கீழ்த்தளத்திலேயே சக்கர நாற்காலிப் படம் போட்ட கதவு, மூன்று மொழியிலும் பலகை. ஆனால் எப்போதும் பூட்டு. செக்யூரிட்டி அய்யேயிடம் கேட்டால், "யதுர மங் ளங்க நே, நங்கி" என்று சிங்களத்தில் சொல்லிக் கையை விரிப்பார். திறப்பு அவரிடம் இல்லையாம். யாரிடம் என்றால், அதுவும் தெரியாதாம்.

சரி, என் வழியை நானே பார்த்துக்கொண்டேன். இரண்டு கையையும் தூக்கினால் முன்னால் சரிந்துவிடுவேன். என் முதுகு அப்படி. ஆகவே ஒரு கையால் சீவ நீளப்பிடிச் சீப்பு. கண்ணாடிக்கு, வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போனேன். மோட்டார் சைக்கிள் பக்கக் கண்ணாடி கேட்டேன். எந்த பைக்குக்கு என்று கடைக்காரர் கேட்டார். நாற்காலியைத் தட்டி, "இதுக்குத்தான்" என்றேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, நல்ல நீளத் தண்டுள்ளதாகத் தேடி எடுத்து, தானே நாற்காலிக் கைப்பிடியில் பூட்டியும் விட்டார்.

அதை வைத்துக்கொண்டு காலையில் போட்டோகொப்பி மெஷினுக்குப் பின்னால் ஒளிந்து சீவுவேன். யாராவது கொப்பி எடுக்க வந்தால் பாதியில் நிற்கும். அப்படியே கவுண்டருக்குப் போய்விடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மனேஜர் கூப்பிட்டார்.

"பிள்ளை, கோவிக்காதேங்கோ. கவுண்டரில இருக்கிற ஆள் நீட்டா இருக்கவேணும். காலமை சனம் வரேக்க நீங்கள் தலை கலைஞ்சு நிக்கிறியள். திங்கக்கிழமையில இருந்து பின் அறையில ஃபைல் வேலை பாருங்கோவன். உங்களுக்கும் சுகம்தானே."

நிற்கிறேனாம்! அதுகூடப் பரவாயில்லை. பின் அறை என்றதைத்தான் பொறுக்க முடியவில்லை. இரண்டு வருடம் அந்த அறையில் ஃபைல்களோடு கிடந்து, கெஞ்சாமல், மூன்று மொழியிலும் கதைக்கத் தெரியும் என்று காட்டி எடுத்த கவுண்டர் அது. காப்புறுதிப் பத்திரம் விளங்காமல் வருகிற சனம் என்னைத் தேடித்தான் வரும். தலைமயிருக்காக அதை விட்டுக்கொடுக்க நான் என்ன விசரியா?

திங்கட்கிழமை பின் அறைப் பக்கமே போகவில்லை. நேரே கவுண்டர். ஒன்பது மணிக்குக் கதவு திறந்து சனம் வரிசையாக வந்தது. நான் கண்ணாடியைத் திருப்பி வைத்து, சீப்பை எடுத்து, ஆறுதலாகச் சீவத் தொடங்கினேன். பவுடர், பொட்டு, கிளிப் எல்லாம் மேசையில் பரப்பியிருந்தேன்.

முன்னால் நின்ற அம்மா, "வடிவாச் சீவுங்கோ பிள்ளை, எனக்கு அவசரமில்லை" என்றார்.

மனேஜர் ஓடி வந்தார். "என்ன பிள்ளை இது, சனத்துக்கு முன்னால?"

"நீட்டா இருக்கச் சொன்னியள் சேர். எல்லாரும் வாஷ்ரூமுக்குள்ள செய்யிறதைத்தான் நான் இஞ்ச செய்யிறன். என்ட வாஷ்ரூம் பூட்டிக்கிடக்கு."

நான் சீப்பைக் கீழே வைக்கவில்லை. அவர் என்னையும் வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் அறைக்குப் போய், தன் மேசை லாச்சிக்குள்ளிருந்தே திறப்பை எடுத்துக்கொண்டு வந்தார்.

கதவைத் திறந்தால் உள்ளே வெசாக் பண்டிகை விளக்குக் கூடுகள், நத்தாருக்கு வைக்கும் கிறிஸ்மஸ் மரம், சரஸ்வதி பூசைக்குக் கட்டும் மின்விளக்குகள். நாட்டில் காணாத சமய ஒற்றுமை என் கழிப்பறைக்குள் குடியிருந்தது.

"ஐயோ பிள்ளை, இதை ஒருத்தரும் பாவிக்கிறேல்லை எண்டெல்லோ நினைச்சம்."

"பூட்டி வைச்சா ஆர் சேர் பாவிக்கிறது?"

அவருடைய முகம் சுருங்கிவிட்டது. கெட்ட மனிதரில்லை, யோசிக்காத மனிதர். முதல் வெசாக் கூட்டை அவரே தூக்கி வெளியே கொண்டுபோனார். பின் அறைக் கதையைப் பிறகு எடுக்கவேயில்லை.

மத்தியானத்துக்குள் அறை காலியாகிவிட்டது. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். முகம் கழுவிக்கொண்டு கவுண்டருக்குத் திரும்பினேன். மூன்று வருடமாக அந்த ஒபிஸில், வேலை முடியும் வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் நான் வாயில் வைத்ததில்லை. அன்று கவுண்டரில் இருந்தபடியே ஒரு முழுப் போத்தல் தண்ணீர் குடித்தேன்.